'லை' என்றால் பொய் மட்டும்தானா? படிவம் 4 பயிற்சித்தாளுக்கு உதவி தேவை

பெரட்டுக்களம்:
வணக்கம். மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளிப் படிவம் 4 பிள்ளைகளின் வார இறுதி வகுப்புக்கு ஆங்கிலப் பயிற்சித்தாள் ஒன்று தயாராகிறது. எல்-ஐ-இ என்ற மூன்றெழுத்துச் சொல்லில் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. பொய் என்ற பொருளை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் பிள்ளைகள் எல்லா இடத்திலும் அதையே போடுகிறார்கள். எஸ்பிஎம் தேர்வின் 1119 ஆங்கிலத் தாளில் வாசிப்புப் பகுதியில் இப்படிப்பட்ட சொல் ஒன்று வந்தால் பத்தியே தலைகீழாகிவிடும். கீழே உள்ள ஆறையும் பார்த்துச் சொல்லுங்கள்:

1. ஹீ லைடு ஆன் த பெட்.
2. சுங்கை சிப்புட் லைஸ் பிட்வீன் ஈப்போ அண்ட் கோல கங்சார்.
3. த பஞ்சஸ் லே ஆன் த பிளாட்ஃபார்ம் ஆல் நைட்.
4. ஷீ செட் எ லை டு மீ.
5. ஆன் அப்பீல் லைஸ் டு த ஹை கோர்ட்.
6. த ஹென் ஹேஸ் ____ இன் த நெஸ்ட். (கோடிட்ட இடம்)

சாக்பீஸ்:
ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் என்று தொடங்கினால் கடைசிவரை குழப்பம்தான். இவை இரண்டு வெவ்வேறு சொற்கள், எழுத்து மட்டும் ஒன்றாகிப் போனது. ஜெர்மன் மொழியில் இன்றும் பிரிந்தே இருக்கின்றன: பொய் சொல்வதற்கு 'லூகன்', கிடப்பதற்கு 'லீகன்'. ஆங்கிலத்தில் காலப்போக்கில் இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்தன. ஆனால் இறந்தகாலம் காட்டிக்கொடுத்துவிடும். பலகையில் மூன்று வரி போதும்:

பொய் சொல்: லை, லைடு, லைடு
கிட, படு: லை, லே, லேன்
கிடத்து, வை: லே, லேடு, லேடு

இரண்டாம் வரியின் நடுவில் ஒரு 'லே', மூன்றாம் வரியின் தலையில் ஒரு 'லே'. அந்த இரண்டையும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். இங்கேதான் நூற்றுக்குத் தொண்ணூறு பிழை. முதல் 'லே' நேற்று கிடந்தது, இரண்டாவது 'லே' இன்று வைப்பது.

'இங்' சேரும்போது முதல் இரண்டு வரிக்கும் 'லையிங்' ஒன்றே, எழுத்து எல்-ஒய்-ஐ-என்-ஜி. ஐ-இ என்று முடிகிற சின்ன வினைகள் ஒய்யாக மாறும். டை (சாவு), டை (கட்டு) இரண்டும் அப்படியே. 'லேயிங்' மூன்றாம் வரிக்கு மட்டும். 'லே'யோடு இ-டி சேர்த்து எழுதுவது எங்குமே இல்லாத எழுத்து, பார்த்தவுடன் வெட்டுங்கள்.

உங்கள் முதல் வாக்கியம் இலக்கணப்படி தவறில்லை. ஆனால் 'அவன் கட்டிலில் இருந்துகொண்டு பொய் சொன்னான்' என்றுதான் பொருள் வரும். படுத்தான் என்று சொல்ல 'ஹீ லே ஆன் த பெட்'.

பச்சை மட்டை:
டீச்சர் சொன்ன இரண்டாம், மூன்றாம் வரிக்குத் தமிழிலேயே சாவி இருக்கிறது. தன்வினை, பிறவினை. கிட / கிடத்து. படு / படுத்து. உருள் / உருட்டு. தானாக நடந்தால் ஒரு வடிவம், ஒருவர் செய்யவைத்தால் இன்னொரு வடிவம். ஆங்கிலத்தில் இந்த ஜோடிகள் சிலதான் மிச்சம்: லை / லே, சிட் / செட், ரைஸ் / ரெய்ஸ், ஃபால் / ஃபெல்.

கடைசி ஜோடியைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் தாராளமாகப் பயன்படுத்தலாம். விழு, வீழ்த்து. மறுநடவுக்குப் பழைய ரப்பர் பால்மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்குப் பெயரே 'ஃபெல்லிங்'. கவனியுங்கள்: ஃபால் என்பதன் இறந்தகாலம் ஃபெல், வீழ்த்து என்பதன் நிகழ்காலமும் ஃபெல், அதன் இறந்தகாலம் ஃபெல்டு. லை, லே, லேடு மூன்றும் அச்சு அசலாக இதே வார்ப்பு. மரம் விழுந்ததா, வீழ்த்தினார்களா என்று கேட்கத் தெரிந்த பிள்ளை 'லே'யில் தடுமாறாது.

உங்கள் மூன்றாவது வாக்கியம் சரி. செம்பனைக் குலைகள் இரவெல்லாம் மேடையில் கிடந்தன. வெட்டியவர் கொண்டுவந்து வைத்ததைச் சொல்ல வேண்டுமென்றால் 'த ஹார்வெஸ்டர் லேடு த பஞ்சஸ் ஆன் த பிளாட்ஃபார்ம்'. 'எதை?' என்று கேட்டால் பதில் வருகிறதா? வந்தால் லேடு, வராவிட்டால் லே. உதிரிப்பழம் மரத்தடியில் கிடந்தது: லே. மட்டைகளை வரிசைக்கு நடுவில் போட்டார்கள்: லேடு.

ஈயக்கட்டி:
பிறவினை விளக்கத்துக்குக் கை தட்டலாம், வரலாறும் அதுதான். பழைய ஆங்கிலத்தில் கிடப்பது 'லிட்ஜன்', கிடத்துவது 'லெட்ஜன்', உயிரெழுத்து ஒன்றுதான் மாறுகிறது. ஆனால் மட்டைத் தம்பி, 'கிடத்து' என்பதை இன்றைய தமிழில் எல்லாவற்றுக்கும் போட முடியாது. குழந்தையைக் கிடத்தலாம், நோயாளியைக் கிடத்தலாம், பிணத்தைக் கிடத்தலாம். செம்பனைக் குலையைக் கிடத்தினார்கள் என்று எழுதினால் சாவு வீட்டு வாடை அடிக்கும். ஜோடியைப் புரியவைக்க 'கிடத்து', மொழிபெயர்க்கும்போது 'வை', 'போடு', 'அடுக்கு', 'விரி'. கம்பளம் என்றால் விரி, செங்கல் என்றால் அடுக்கு, குழாய் என்றால் பதி, முட்டை என்றால் இடு. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஒரே 'லே'.

இன்னொன்று. ஜெர்மானியர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்றார் டீச்சர். டச்சுக்காரர்களும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் ஜெர்மன் எழுத்தில் கிடப்பதைக் குறிக்கிற அதே 'லீகன்' டச்சில் பொய் சொல்வது. இரண்டும் படித்தவன் பாடு திண்டாட்டம்.

பெரட்டுக்களம்:
மலாய்வழித் தேசியப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தன்வினை, பிறவினை என்றால் புரியாது. மலாய் வழியாகப் போகலாமா?

சாக்பீஸ்:
தாராளமாக. பெர்பாரிங் என்றால் லை, மெம்பாரிங்கான் என்றால் லே. தும்பாங், மெனும்பாங்கான் ஜோடி மேலே சொன்ன மரத்துக்கு. இரண்டாவது வாக்கியத்துக்கு மலாய்தான் குறுக்குவழி: ஊர், ஆறு, மலை 'லைஸ்' என்று வந்தால் 'தெர்லெதாக்'. புவியியல் பாடநூலில் பார்த்துப் பழகிய சொல். தமிழில் 'அமைந்துள்ளது' அல்லது வெறுமனே 'இருக்கிறது'. சுங்கை சிப்புட் படுத்துக் கிடக்கிறது என்று எழுத வேண்டாம் (மதியம் இரண்டு மணிக்குக் கடைத்தெருவைப் பார்த்தால் அதுவும் சரிதான் எனத் தோன்றும்).

இதே குடும்பத்தில் 'அவுட்லையிங்' சேரும். 'அவுட்லையிங் டிவிஷன்' என்றால் தள்ளி இருக்கிற தோட்டப் பிரிவு. பொய் எதுவும் இல்லை.

நீதிமன்றப் படிக்கட்டு:
ஐந்தாவது வாக்கியம். தானியங்கி மொழிபெயர்ப்பில் 'மேல்முறையீடு உயர்நீதிமன்றத்திடம் பொய் சொல்கிறது' என்று வந்தாலும் ஆச்சரியமில்லை. சட்ட ஆங்கிலத்தில் அப்பீலோ வழக்கோ 'லைஸ்' என்றால் அதற்கு இடமுண்டு, தொடுக்கலாம் என்று பொருள். 'நோ அப்பீல் ஷெல் லை' என்றால் மேல்முறையீட்டுக்கு வழியே இல்லை. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 'பர்டன் ஆஃப் ப்ரூஃப் லைஸ் ஆன்' என்று வரும்: நிரூபிக்கும் பொறுப்பு இன்னார்மீது. பழைய நிலப் பத்திரங்களில் 'சிச்சுவேட், லையிங் அண்ட் பீயிங்' என்று மூன்றையும் அடுக்குவார்கள். மூன்றுக்கும் சேர்த்துத் தமிழில் 'அமைந்துள்ள' போதும்.

இனி பொய்க்கு வருவோம். சாட்சிக் கூண்டுக்கு வரும்போது 'லை' என்ற சொல்லையே சட்டம் ஒதுக்கிவைக்கிறது. குற்றவியல் சட்டத்தின் 191-ஆம் பிரிவு பேசுவது 'ஃபால்ஸ் எவிடென்ஸ்' பற்றி. சத்தியம் செய்தவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது பொய் என்று நம்பியிருக்க வேண்டும், அல்லது உண்மை என்று நம்பாமல் சொல்லியிருக்க வேண்டும். நீதிமன்ற நடவடிக்கையில் அப்படிச் செய்தால் 193-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. போலீசில் பொய்ப் புகார் என்றால் பிரிவு வேறு, 182. சூராட் அக்குவானில் (சட்டப்படியான உறுதிமொழிப் பத்திரம்) கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே பாருங்கள்: இது உண்மை என்று மனசாட்சிப்படி நம்பி, 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்த உறுதிமொழியைச் செய்கிறேன் என்று இருக்கும். கொக்கி 'நம்பி' என்ற சொல்லில்தான்.

ஆகவே தமிழ்ச் சாட்சி 'அது பொய்ங்கையா' என்றால் உடனே 'ஹீ இஸ் லையிங்' என்று போட்டுவிடக் கூடாது. நம் பேச்சில் 'அது பொய்' என்பது மூன்றில் ஒன்றாக இருக்கும்: அவர் தெரிந்தே புளுகுகிறார்; அவர் சொன்னது நடக்கவில்லை; அவருக்குத் தப்பாக ஞாபகம். முதலாவதற்கு மட்டும் 'லை'. இரண்டாவதற்கு 'தட் இஸ் நாட் ட்ரூ'. மூன்றாவதற்கு 'ஹீ இஸ் மிஸ்டேக்கன்'. எது என்று தெரியாவிட்டால் 'நாட் ட்ரூ' என்று நிறுத்திக்கொள்வதே பத்திரம். நோக்கத்தை மொழிபெயர்ப்பவர் சேர்த்துவிட்டால் அது சாட்சியின் சொல் அல்ல.

எதிர்த்திசையிலும் ஒரு வழுக்கல் உண்டு. குறுக்கு விசாரணையில் வக்கீல் 'ஐ புட் இட் டு யூ' என்று தொடங்குவார். 'உங்களிடம் வைக்கிறேன்' என்றால் சாட்சி விழிப்பார். அதன் பொருள்: 'நடந்தது இதுதான் என்று சொல்கிறேன், ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா?' சாட்சி தலையை மட்டும் ஆட்டினால் பதிவாகாது. வாயால் சொல்ல வேண்டும்.

மங்குத்தண்டு:
'பொய் சொல்லாதீங்க' என்பதை நாம் ஆச்சரியத்துக்கும் சொல்கிறோமே. 'ரெண்டு பேருக்கும் கல்யாணமா? பொய் சொல்லாதே!'

நீதிமன்றப் படிக்கட்டு:
சரியான இடத்தைத் தொட்டீர்கள். அதை 'டோன்ட் லை' என்று போட்டால் அடிதடி. 'ரியலி?' அல்லது 'யூ மஸ்ட் பி ஜோக்கிங்'. ஆங்கிலேயர் காதில் 'லையர்' என்பது நாம் நினைப்பதைவிடக் கடுமையான வசை. நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் இன்னொருவரை அப்படிச் சொன்னால் திரும்பப் பெறச் சொல்வார்கள்.

ஈயக்கட்டி:
அதனால்தான் சுற்றிவளைத்துச் சொல்கிற கலை அங்கே வளர்ந்தது. 'டெர்மினாலாஜிக்கல் இன்எக்ஸாக்டிட்யூட்', அதாவது சொல்லாட்சித் துல்லியமின்மை. 1906 பிப்ரவரியில் சர்ச்சில் சொன்னது. எதைப் பற்றி என்று தெரிந்தால் தோட்டத்தில் பிறந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள்: தென்னாப்பிரிக்க டிரான்ஸ்வாலில் சீனத் தொழிலாளர்களின் ஒப்பந்தம். அதை அடிமைத்தனம் என்று அழைத்தால் சொல்லாட்சி துல்லியம் தவறும் என்றார். அவர் சொன்னபோது அது பொய்க்கு மாற்றுச்சொல் அல்ல. பிறகுதான் ஊரார் அப்படி ஆக்கிக்கொண்டார்கள். 'எக்கனாமிக்கல் வித் த ட்ரூத்', உண்மையில் சிக்கனம், இதுவும் அதே வகை. 1986-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் பிரிட்டிஷ் அமைச்சரவைச் செயலாளர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் சாட்சி சொல்லும்போது பயன்படுத்திப் பிரபலமானது.

நம்மிடம் அந்தச் சுற்றல் கிடையாது. புளுகு, புரட்டு, சரடு, கப்ஸா, ரீல், அளப்பு என்று நேராகத்தான் போடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் எடை வேறு. அளப்பதில் பெருமை அதிகம், கெடுதல் குறைவு. மலாய்க்காரர்கள் 'தெம்பேராங்' என்பார்களே, அது. 'கெலெந்தோங்' என்றால் ஏமாற்றும் உள்ளே வந்துவிடும். புரட்டில் ஆவணமும் கணக்கும் மாறியிருக்கும். இதையெல்லாம் 'லை' ஒன்றில் அடைத்தால் சுவை போய்விடும்.

மங்குத்தண்டு:
மழை பொய்த்தது? பொய்ப்பல்? பொய்க்கால் குதிரை? அங்கெல்லாம் யார் யாரிடம் புளுகினார்கள்?

சாக்பீஸ்:
தமிழ்ப் பொய்யின் அகலம் அது. வர வேண்டியது வராவிட்டாலும் பொய், போலி உறுப்பு என்றாலும் பொய். அங்கெல்லாம் ஆங்கிலத்தில் 'லை' நுழையவே நுழையாது. பல்லுக்கு 'ஃபால்ஸ் டீத்', மழைக்கு 'த ரெயின்ஸ் ஃபெய்ல்டு'. பொய்க்கேசும் 'ஃபால்ஸ் கேஸ்'தான். சொல்ல ஒரு வாய் இருந்து, தெரிந்தே சொன்னால் மட்டும் 'லை'.

நாலாவது வாக்கியத்தையும் முடித்துவிடுகிறேன். 'ஷீ செட் எ லை' தவறு. 'டோல்டு எ லை' என்றுதான் வரும். நமக்கு இரண்டும் 'சொல்' என்பதால் வருகிற பிழை. திருத்தினால் 'ஷீ டோல்டு மீ எ லை' அல்லது 'ஷீ லைடு டு மீ'. 'ஷீ லைடு மீ' என்று பிள்ளைகள் எழுதுவார்கள்; 'டு' இல்லாமல் நிற்காது. எதைப்பற்றி என்று சேர்க்க 'அபவுட்'.

நம் நாட்டுப் பேச்சு ஆங்கிலம் கொண்டுவருகிற இரண்டு பிழையும் தாளில் சேருங்கள். 'டோன்ட் ப்ளஃப் லா' என்றால் இங்கே பொய் சொல்லாதே. எழுத்து ஆங்கிலத்தில் ப்ளஃப் என்பது கையில் சீட்டு இல்லாமலே இருப்பதுபோல் மிரட்டுவது. 'யூ சீட் மீ' என்பது மலாய் 'தீப்பு', தமிழ் 'ஏமாத்து' இரண்டிலிருந்தும் வந்தது. அங்கே 'சீட்' என்றால் பரீட்சையிலோ பணத்திலோ மோசடி. விளையாட்டுக்குச் சொன்ன பொய்க்கு அதைப் போட்டால் பெரிய குற்றச்சாட்டாகிவிடும்.

பெரட்டுக்களம்:
'ஒய்ட் லை'க்குத் தமிழில் என்ன போடுவது? ஒரு பயிற்சி நூலில் 'வெள்ளைப் பொய்' என்று இருக்கிறது.

ஈயக்கட்டி:
வெள்ளைப் பொய், கறுப்புப் பொய் எல்லாம் சாயக்கடை. சாப்பாடு எப்படி என்று வீட்டுக்காரம்மா கேட்கும்போது 'பிரமாதம்' என்கிறோமே, அது ஒப்புக்குச் சொன்னது. 'ஒப்புக்குச் சொன்ன பொய்' என்றாலே தெளிவு.

நீதிமன்றப் படிக்கட்டு:
எல்லா இடத்திலும் ஒப்புக்கு ஒத்துவராது, அண்ணே. நோயாளியிடம் மறைப்பதையும் சிலர் 'ஒய்ட் லை' என்கிறார்கள். அங்கே 'பாதகமில்லாத பொய்'.

ஈயக்கட்டி:
பாதகம் உண்டா இல்லையா என்பது நோயாளிக்குத்தான் தெரியும். ஆனால் சொல் பரவாயில்லை.

பச்சை மட்டை:
'லே'வை விட்டுப் போகுமுன் ஒன்று, இது தோட்டத்துக்குத் தேவை. 'லே ஆஃப்' என்றால் வேலையை விட்டு நீக்குவது என்று மட்டும் பிள்ளைகளும் பெரியவர்களும் நினைக்கிறார்கள். 1980-ஆம் ஆண்டு வேலைநீக்க மற்றும் லே ஆஃப் அனுகூல விதிமுறைகளில் அதற்குத் தனி அளவு இருக்கிறது. தொடர்ந்து நாலு வாரத்தில் குறைந்தது 12 வழக்கமான வேலை நாள் வேலை கொடுக்காமல், அந்த நாட்களுக்குச் சம்பளமும் தராமல் இருந்தால் அது லே ஆஃப். வேலைக்குப் பெயர் இருக்கும், வேலை இருக்காது. அனுகூலம் சேவை ஆண்டுக்கு இத்தனை நாள் சம்பளம் என்று: 2 ஆண்டுக்குக் குறைவு என்றால் 10 நாள், 2 முதல் 5-க்குக் குறைவு என்றால் 15, 5-உம் அதற்கு மேலும் என்றால் 20. கடிதத்தில் 'லேடு ஆஃப்' என்று இருக்கிறதா, 'டெர்மினேட்டட்' என்று இருக்கிறதா என்று படிக்கத் தெரிய வேண்டும்.

மணற்குழி:
கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் வகுப்புக்கு வருவார்கள் என்பதால் இது. பந்து கிடக்கிற நிலைக்குப் பெயர் 'லை'. புல்லில் நிமிர்ந்து நின்றால் 'குட் லை', மண்ணில் புதைந்தால் 'ப்ளக்டு லை'. கிடந்தபடியே அடி என்பது ஆட்டத்தின் அடிப்படை விதி. மட்டையின் தண்டுக்கும் தரைக்கும் இடையிலுள்ள சாய்வும் 'லை'தான். இரும்பு மட்டைகளில் சுமார் 60 முதல் 64 பாகை. சாய்வு அதிகம் நிமிர்ந்திருந்தால் வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் போகும், படுத்திருந்தால் வலப்பக்கம்.

கஞ்சிப்பானை:
சத்தம் ஒன்று, எழுத்து வேறு: எல்-ஒய்-இ. காரம். மஞ்சள் மீ நூடல்ஸில் சேர்க்கிற காரநீருக்கும் இந்தப் பெயர்தான், ஆனால் அது வேறு, சோப்புக்கான காஸ்டிக் சோடா வேறு. மாற்றிப் போட்டால் ஆஸ்பத்திரி. 1 கிலோ செம்பனை எண்ணெய் முழுக்கச் சோப்பாக ஏறக்குறைய 141 கிராம் காஸ்டிக் சோடா. கையை எரிக்காமலிருக்க 5 விழுக்காடு குறைத்து 134 கிராம். சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், சோடாமேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, அரித்துவிடும்.

அட்மின்:
சோப்புக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போடுங்கள்.

மங்குத்தண்டு:
கணித நூலில் 'லை குரூப்' என்று வருகிறதே?

சாக்பீஸ்:
அது 'லீ'. 1842 முதல் 1899 வரை வாழ்ந்த சோஃபஸ் லீ என்ற நார்வேக்காரரின் பெயர். ஐக்கிய நாடுகளின் முதல் பொதுச்செயலாளர் டிரிக்வே லீயும் அதே எழுத்து, அதே உச்சரிப்பு. பெயர்ச்சொல்லை விட்டுவிடுங்கள்.

தாளில் கட்டாயம் இருக்க வேண்டிய மரபுத்தொடர்கள்: 'லை லோ' அடங்கி இரு, 'லை இன் வெய்ட்' பதுங்கிக் காத்திரு, 'லெட் ஸ்லீப்பிங் டாக்ஸ் லை' கிளறாதே. மூன்றும் கிடப்பது. 'கிவ் த லை டு' மட்டும் பொய்ப் பக்கம்: ஒன்றைப் பொய் என்று காட்டிக்கொடுப்பது. 'பிலை' அதன் தங்கை, இறந்தகாலம் 'பிலைடு'. 'அண்டர்லை' கிடக்கிற குடும்பம், ஆகவே 'அண்டர்லே', 'அண்டர்லேன்'. ஒட்டு எதுவானாலும் வேர் எந்தப் பக்கமோ இறந்தகாலமும் அந்தப் பக்கம்.

பெரட்டுக்களம்:
அனைவருக்கும் நன்றி. ஆறாவது மட்டும் பாக்கி. கோழி. விடைத்தாளில் 'லேன்' என்று போட்டேன், உதவிக்கு வந்த தம்பி 'லேடு' என்கிறார்.

பச்சை மட்டை:
'எதை?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லை. ஆகவே லேன்.

சாக்பீஸ்:
அந்தச் சோதனை இங்கே ஏமாற்றும், மட்டை. முட்டையிடுகிற பொருளில் 'லே' செயப்படுபொருள் இல்லாமலும் நிற்கும். 'த ஹென்ஸ் ஆர் லேயிங்' என்றால் கோழிகள் முட்டையிடுகின்றன. லேன் போட்டால் கோழி கூட்டில் படுத்திருக்கிறது, லேடு போட்டால் கூட்டில் முட்டையிட்டிருக்கிறது. இரண்டும் சரி. கேள்வியை மாற்றுங்கள், 'ஆன் எக்' என்று ஒரு துணை சேர்த்தால் தீர்ந்தது.

பெரட்டுக்களம்:
சேர்த்துவிட்டேன். 'த ஹென் ஹேஸ் ____ ஆன் எக் இன் த நெஸ்ட்.' காலையில் போட்டோஸ்டாட் கடைக்குப் போகிறது.

மங்குத்தண்டு:
எக்குக்கு முன்னால் 'ஆன்' இருக்கிறதே, முட்டைமேல் படுத்தது என்று எவனாவது 'லேன்' போட்டால்?

சாக்பீஸ்:
தமிழ் எழுத்தில்தான் அந்தக் குழப்பம். தாளில் ஏ-என். ஓ-என் ஆகாமல் தட்டெழுதுங்கள்.